திருக்கை முள் என்று எழுதினேன்

மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். சந்துக் கோடியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரின் கதை. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஒரு நாள் அவரைக் கண்ணைக் கட்டிக் காரில் கொண்டுபோகிறார்கள். ஏதோ கிடங்கில் குண்டடி பட்ட ஒருவன் கிடக்கிறான். குண்டை எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கிறார். கழுத்தில் கத்தியை வைத்து வெளியே சொல்லக்கூடாது என்கிறார்கள், சொல்லவில்லை. அதன் பிறகு அவர் அந்த ரவுடிக் கூட்டத்தின் டாக்டர். வரிசையாகப் பொய்ச் சான்றிதழ்கள் எழுதுகிறார். கடைசியில் கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு தலை நிமிர்ந்து ஜெயிலுக்குப் போகிறார்.

விடுதிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் நாளே போலீஸுக்குச் சொல்லியிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்றேன்.

"நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப? கத்திய புடுங்கி அவனையே குத்தியிருப்பியா?" என்று அறைத்தோழி கேட்டாள்.

"கத்தி எதுக்கு? என் கையில பேனா இருக்குதுல்ல."

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் என் விண்ணப்பப் படிவங்களில் கைநாட்டு வைத்தவர்கள். பேனாவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் இருக்கிறது. எனக்கு மருத்துவ இடம் கிடைத்தபோது படகுத்துறையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் படம் ரேஷன் கார்டு அளவில் ஒரு மூலையில் இருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றவர் ஐஸ்காரர். அவர் உண்மையான பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. ஐஸ் தொழிற்சாலை அவருடையது, இறால் வாங்கும் வண்டிகள் அவருடையவை. அவரோடு எப்போதும் ஏழெட்டு ஆட்கள் சுற்றுவார்கள். அவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

படிப்பு முடிந்து, கரையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே டாக்டராக வந்தேன். சொந்த மண்ணுக்கே வந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். திருப்பாலைவனத்திலிருந்தும் சுண்ணாம்புக்குளத்திலிருந்தும்கூட பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். தொட்டுப் பார்க்கிற டாக்டர் என்று பேர் ஆனது.

வந்த எட்டாவது மாதம், காலை பதினோரு மணிக்கு, ஐஸ்காரரின் வண்டி வாசலில் நின்றது. நான்கு பேர் ஒரு மனிதரைத் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர், முகம் தெரிந்தவர். இடது தொடையின் உட்பக்கத்தில் லுங்கியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். கட்டு முழுக்க ரத்தம். பின்னாலேயே ஐஸ்காரர் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், மரியாதைக்காரர்.

"திருக்கை குத்திச்சிமா. பாட்டுல எறங்கி வலை இழுக்கச் சொல்லோ குத்திச்சாம்."

பாடு என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாக வரும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் சண்டைதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு ஊரிலும் குடும்பங்களுக்கு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு வரும் நாளில் அந்த இடம் உனக்கு. வேறு எவனும் குறுக்கே வலை போடக்கூடாது. பாட்டுப் பட்டியலில் பேர் இருக்கிறவன்தான் எங்கள் பக்கத்தில் குடும்பஸ்தன்.

கட்டை அவிழ்த்தேன். திருக்கை மீனின் வால் முள்ளை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த முள்ளின் இரண்டு பக்கமும் ரம்பப் பல் இருக்கும். சுலபமாக உள்ளே போகும், வெளியே வரும்போது கிழித்துக்கொண்டு வரும். புண்ணின் ஓரம் பிசிறாக இருக்கும், சுற்றிலும் நீலம் பாரிக்கும். எங்கள் நைனாவுக்குக் கெண்டைக்காலில் குத்தியபோது, அடிபட்டால் வாயே திறக்காத மனிதர், சுடுதண்ணீர் அண்டாவில் காலை வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதார்.

கட்டிலில் கிடந்தவர் அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணின் ஓரம் காகிதத்தை அறுத்ததுபோல நேராக இருந்தது. கையுறை போட்ட விரலை விட்டுப் பார்த்தேன். விரல் முழுவதும் போனது, அப்படியும் அடி தட்டவில்லை. இது வலை அறுக்கும் கத்தி.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று அவரையே கேட்டேன்.

"திருக்கைதான்" என்றார். ஐஸ்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அங்கே நடந்தது இதுதான். எனக்கு அன்று பாதி தெரியும், மீதி பிறகு தெரிந்தது. அவருடைய பாட்டு நாளில் ஐஸ்காரரின் ஆட்கள் முகத்துவாரப் பக்கமாக முன்னால் போய்க் குறுக்கே வலை போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பெரிய இறால் எல்லாம் அதிலேயே நின்றுவிடும், பின்னால் இருப்பவனுக்குத் தண்ணீர்தான். இவர் போய் அந்த வலையை அறுத்திருக்கிறார். அவர்கள் இவரைக் குத்தியிருக்கிறார்கள். படகு கரைக்கு வருவதற்குள் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி, விஷயம் போலீஸுக்குப் போகக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

சிஸ்டர் என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். இருபது வருஷமாக அந்த நிலையத்தில் இருப்பவர்.

"டாக்டர், ஏ.ஆர்ல அவர் சொன்னத அப்படியே போடுங்க. 'திருக்கை குத்தியதாகச் சொல்லப்படுகிறது'ன்னு. அப்புறம் காயம் எப்படி இருக்குதோ அப்படியே எழுதுங்க. கேக்கறவன் கேட்டுக்கட்டும். உங்க தலையில எதுவும் வராது."

ஏ.ஆர் என்பது விபத்துப் பதிவேடு. சிஸ்டர் சொன்னதுதான் சட்டமும். காயம்பட்டவர் சொன்னது அவர் வாக்கு, நான் பார்த்தது என் வாக்கு. இரண்டும் பொருந்தாவிட்டால் மேலே இருப்பவர்கள் விசாரிப்பார்கள். அதைத்தான் நான் செய்திருக்க வேண்டும். செய்வதாகத்தான் மேசைக்கு வந்தேன்.

ஐஸ்காரர் எதிரில் உட்காராமல் நின்றார். மிரட்டவில்லை. எங்கள் நைனாவின் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. மிரட்டியிருந்தால் நான் நிச்சயம் உண்மையை எழுதியிருப்பேன். என் திமிர் எனக்குத் தெரியும்.

"பட்டணத்து டாக்டருங்களுக்கு இன்னாமா தெரியும்? போன டாக்டரு தேளு கடிச்சதயும் திருக்கை குத்துனதயும் ஒண்ணுனு எழுதி வச்சாரு. பெரிய ஆஸ்பத்திரில படிச்சிட்டுச் சிரிச்சாங்க. நீ நம்ம வூட்டுப் பொண்ணு. நீ எழுதினா எவன் கேள்வி கேப்பான்?"

அவ்வளவுதான் சொன்னார். அது எனக்குள் இறங்கியது. நான் இரண்டையும் பொருந்தாமல் எழுதி அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த சீனியர்கள், ஆங்கிலத்தில் என்னை அரைகுறை என்று ஐந்து வருஷம் பார்த்த அதே மாதிரி முகங்கள், என்ன சொல்வார்கள்? மீனவப் பெண்ணாக இருந்தும் திருக்கை முள் குத்தினால் எப்படி இருக்கும் என்றுகூட இவளுக்குத் தெரியவில்லை என்பார்கள். ஒரு மனிதன் பக்கத்தில் ரத்தத்தோடு கிடக்கும்போது என் மூளை இதைத்தான் யோசித்தது.

எழுதினேன். பிசிறான ஓரம் என்று எழுதினேன். சுற்றிலும் நீலம் பாரித்திருக்கிறது என்று எழுதினேன். கடுமையான எரிச்சல், சுடுநீரில் தணிகிறது என்று எழுதினேன். ஆழம் இரண்டு சென்டிமீட்டர். உடைந்த முள்துண்டு உள்ளே இருக்கலாம், எக்ஸ்ரே தேவை. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமாகத் திருக்கைக் காயத்தை யாரும் வர்ணித்திருக்க மாட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கையெழுத்திட்டு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் கால் விரல்கள் சூடாக இருக்கின்றனவா, ரத்தம் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தன. அதை எழுதவில்லை. எழுதினால் இரண்டு சென்டிமீட்டரோடு பொருந்தாது.

சிஸ்டர் பதிவேட்டை வாங்கிப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, விடுமுறை நாளில், அதே பழைய படம் எங்கள் வீட்டு டிவியில் வந்தது. நான் அலைவரிசையை மாற்றப் போனேன். அம்மா விடவில்லை. படகுத்துறையில் வாங்கிய கானாங்கெளுத்தியைத் தட்டில் வைத்து ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"இந்த டாக்டரு இன்னாடி எப்பப் பாத்தாலும் வேர்த்துப் போயே நிக்கறான். ஃபேன் இல்லையா?"

"பயம்மா."

"பயத்துக்கா? கட்டுனவளுக்குப் பயந்தாலும் ஒரு நாயம்."

கோர்ட் காட்சி வந்தது. டாக்டர் உணர்ச்சியோடு பேசினார். நைனா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "நல்லா பேசுறான்பா" என்றார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. அம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆளு பொழச்சானா, செத்தானா?"

"எந்த ஆளு?"

"மொதல்ல குண்ட எடுத்தாங்களே, அவன்தான். டாக்டரு கோர்ட்டுக்குப் போயி ஊரே அழுது. அவன் இன்னா ஆனான்னு ஒருத்தனும் சொல்லலயே. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல?"

படத்தில் அதற்குப் பதில் இல்லை. நானும் இரண்டு வாரமாக என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது தப்பா, சிஸ்டர் என்னை என்ன நினைக்கிறார், மாட்டுவேனா, மாட்டினால் எப்படி நிமிர்ந்து நிற்பது. கட்டிலில் கிடந்தவர் என்ன ஆனார் என்று ஒரு முறைகூட விசாரிக்கவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் என் வகுப்புத் தோழனுக்குப் போன் செய்தேன். அவன் கோப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"உன் ரெஃபரல் நோட்டைத்தான் இங்க ஹவுஸ் சர்ஜன்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க. இப்படித்தான் எழுதணும்னு. எக்ஸ்ரேல முள் இல்ல. மேலோட்டமா சுத்தம் பண்ணித் தையல் போட்டு மூணாவது நாள் அனுப்பிட்டாங்க. வீக்கம் இருந்துச்சாம், விஷ வீக்கம், ஒரு மாசம் இருக்கும்னு சொல்லியிருக்காங்க. ஆனா ரத்தக்குழாய்ல ஓட்டை இருந்திருக்கு. ஒன்பதாவது நாள் உடைஞ்சு, தூக்கிட்டு வந்தாங்க. கால் கறுத்துப்போச்சு. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க." பிறகு, "திருக்கை முள் ரெண்டு சென்டிமீட்டர்ல எப்படி அந்தக் குழாய் வரைக்கும் போச்சுன்னு யாருக்கும் புரியல" என்றான்.

எனக்குப் புரிந்தது. ஆழத்தைச் சரியாக எழுதியிருந்தால் முதல் நாளே உள்ளே திறந்து பார்த்திருப்பார்கள். குழாயைத் தைத்திருப்பார்கள். கால் இருந்திருக்கும்.

நைனாவிடம் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்ததுபோலத் திட்டவில்லை. "கடலுக்குப் போறவனுக்குக் கையும் காலும் போறதுதான்" என்றார். பிறகு, "உன் காகிதத்தப் பாத்து பெரிய டாக்டருங்களே வாயப் பொளந்தாங்களாமே, ஐஸ்காரரு டீக்கடைல சொல்லிக்கினு இருந்தாரு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

அந்த வாரமே மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். காயம் கத்திக்குத்து, ஆழம் குறைந்தது ஏழு சென்டிமீட்டர், என் பதிவு தவறானது என்று. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். அதிலும் கொஞ்சம் திமிர் இருந்தது. தலை நிமிர்ந்து போகும் அந்த டாக்டரின் கோர்ட் காட்சி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தை அனுப்பும் முன் கால் போனவர் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. படகு பிடித்துப் போனேன்.

அவர் மனைவி வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வா டாக்டரம்மா. நானே வரலாம்னு இருந்தேன்" என்றார். உள்ளே அவர் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"அக்கா, நான் எழுதினது பொய். கத்திக்குத்துனு எனக்குத் தெரியும். சரியா எழுதியிருந்தா கால் போயிருக்காது. இப்ப உண்மைய எழுதி அனுப்பப் போறேன்."

அவர் அழுவார், அல்லது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"அனுப்பி?" என்றார்.

"போலீஸ் கேஸ் ஆகும். குத்தினவங்கள புடிப்பாங்க."

"புடிச்சி?"

அவரே சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"கேட்டுக்கோ. பாட்டுல எறங்கித் தொழில் பண்ணச் சொல்லோ ஒருத்தனுக்குக் கையோ காலோ போச்சுனா, அவன் பேர ஊரு பட்டியல்லேர்ந்து எடுக்காது. அவன் பாடு வந்தா வேற ஆளு எறங்கி வலை போட்டு, வர்றத அவன் வூட்ல குடுக்கணும். எங்க ஊர்க்கட்டு அது. சண்டைல வெட்டுப்பட்டுப் போச்சுனா பேர எடுத்துடுவாங்க. வலைய அறுத்ததுக்கு அபராதம் வேற. கத்தினு ஊருக்கே தெரியும். ஆனா காகிதம் திருக்கைனு சொல்லுது. அதனாலதான் இன்னும் பேரு கீது. நீ போயி உண்மைய எழுது. எழுதிட்டு, எம் புள்ளைங்களுக்கு யாரு வலை போடுவாங்கனு அதுலயே எழுது."

"ஐஸ்காரர் தப்பிச்சுடுவாரே" என்றேன்.

"அவரு எப்ப மாட்டியிருக்காரு?"

பிறகுதான் அவர் என்னைப் பார்க்க வரலாம் என்று நினைத்ததற்கான காரணத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பட்டியலைத் திருத்துவார்கள். அங்கே என் பதிவு ஆங்கிலத்தில் இருப்பதால் யாருக்கும் படிக்கத் தெரியாது. "தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடு. உன் சீலு போட்டு."

அவர் பெண் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது இல்லாத ஒன்று தமிழில் எழுதும்போது இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அப்போதுதான் பேசினார்.

"ரெண்டுனு போடாத. ரெண்டுனா காலு போனத ஊரு நம்பாது. நல்லா ஆழமா எழுது."

ஏழு சென்டிமீட்டர் என்று எழுதினேன். அந்தத் தாளில் அது ஒன்றுதான் உண்மை.

மேலதிகாரிக்கு எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் என் தாளைப் படித்தபோது ஐஸ்காரர் முன்வரிசையில் இருந்து, "டாக்டரம்மாவே எழுதிட்டாங்க, அப்புறம் இன்னா பேச்சு" என்றாராம். பட்டியலிலிருந்து அவர்கள் பேரை எடுக்கவில்லை.

போன மாதம் அவர்களுடைய பாடு வந்தது. அவருடைய மச்சான் இறங்கி வலை போட்டார். மறுநாள் மதியம் ஷேர் ஆட்டோவில் ஒரு பை வந்தது, டாக்டரம்மாவுக்கு என்று. அம்மா அதைத் தட்டில் கொட்டினாள்.

"பாட்டு இறால்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னாடி இது, எல்லாம் பொடியா கீது? பெருசு ஒண்ணுகூட இல்ல."

பெரியதெல்லாம் ஐஸ்காரரின் ஆட்கள் முன்னால் போட்ட வலையில் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். பொடி இறாலை ஆய்வது பெரிய வேலை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தேன்.